பேர் தெரியாதவள்

தில்லி தேசிய அருங்காட்சியகத்தில் அவளைப் பார்த்தேன். பத்தரை சென்டிமீட்டர், ஒரு சாண்கூட இல்லை. 1926இல் மொகஞ்சதாரோவில் கிடைத்த வெண்கலம். மெழுகில் உருச்செய்து, மண்பூசி, மெழுகை உருக்கிவிட்டு வார்த்தது. இடக்கை முழுக்க வளையல். வலக்கை இடுப்பில்.

யாரென்று ஒருவருக்கும் தெரியாது. வெள்ளைக்காரத் தொல்லியலார் 'நடன மங்கை' என்றார்கள். ஆடுகிறாளா என்ன? சும்மா நிற்கிறாள். கறுத்த அம்மணப் பெண் நிமிர்ந்து நின்றால் ஆட்டக்காரிதான் என்று முடிவுகட்டுகிற புத்தி நமக்குப் புதுசா?

ஆண்டை வாசலில் இடுப்பில் கைவைத்து நின்றதற்காகப் புளியமிளாறால் அடிவாங்கியவள் எங்க ஆயா. "நின்னதுக்காடா அடிச்சான்?" சாகிறவரை கேட்டுக்கொண்டே இருந்தாள்.

2023இல் தில்லியில் நடந்த அருங்காட்சியகக் கண்காட்சிக்கு இவளையே ஆளுயரச் சின்னமாக்கினார்கள். துணி உடுத்தி, வெளுத்த நிறம் பூசி. கண்ணாடிக்குள் இருக்கிறவள் கறுப்பாகத்தான் நிற்கிறாள், இடுப்பில் கைவைத்து.