வட்டுக்கோட்டைச் சாத்திரசாலையும் சைவக் கல்வியும்

திருச்சிற்றம்பலம்

கற்றதனாலாய பயன் இறைவனை அறிந்து வழிபடுதலே என்பது சைவநூல்களின் துணிபு. உலகநூற் கல்வியைச் சமயவுணர்ச்சியோடு இயைத்துப் புகட்டல்வேண்டும் என்னுங் கொள்கை நம்மவர்க்கு மாத்திரம் உரியதன்று. கிறித்துவரும் அதனைத் தம்முடைய உயர்தரக் கலாசாலைகளிற் பெரிதும் போற்றிவந்தனர். அவ்வியைபு எங்ஙனம் செய்யப்பட்டது, யாது பயனை விளைத்தது, எதனாற் றளர்ந்தது என்பவற்றை ஆராய்வார்க்கு, யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் 1823 முதல் 1855 வரை நடைபெற்ற சாத்திரசாலையின் வரலாறு தக்கதோர் எடுத்துக்காட்டாம். பிறர் செய்தனவற்றை இகழ்ந்தொழிதலும் வியந்தொழிதலும் அறிவுடையார்க்கு இயைவனவல்ல. இரண்டையுஞ் சீர்தூக்கிக் கொள்வன கொள்ளுதலே முறையாம்.

அமெரிக்க மிஷனைச் சார்ந்த பாதிரிமார் 1816ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்து, பின் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் நிலைகொண்டனர். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் அரசியலதிகாரத்தாற் பரப்ப முயன்ற மதம், அவ்வதிகாரம் நீங்கிய பின்னர்ப் பெரும்பாலார் உள்ளத்து வேரூன்றாதொழிந்தது. ஆதலின், இவர் கல்வியையே வாயிலாகக் கொண்டனர். அவருள் தானியேல் பூவர் என்பார், தமிழிளைஞர்க்கும் பிறர்க்கும் கலைக்கல்வியுஞ் சமயக்கல்வியும் ஒருங்கே அளிக்கும் கல்லூரியொன்றனுக்குத் திட்டம் வகுத்து 1823இல் வெளியிட்டார். அதனைக் கல்லூரியாக நிறுவ அரசினர் இசைவு கிடையாமையால், அது செமினரி என்னும் பெயரோடு நடைபெற்றது. நம்மவர் அதனைச் சாத்திரசாலை என வழங்கினர்.

ஆங்கிலம், கணிதம், வானநூல், இயற்கைத் தத்துவநூல் என்பனவும், தமிழிலக்கண விலக்கியங்களும் அங்கே கற்பிக்கப்பட்டன. இவையனைத்திற்கும் நடுநாயகமாக விவிலியம் வைக்கப்பட்டது. மாணாக்கர் அங்கேயே உண்டுறைந்து கற்றனர். தொடக்கத்தில் அவர்க்காஞ் செலவை அமெரிக்க நாட்டார் கொடுத்துதவினர். அங்ஙனம் உதவினார் பெயரை மாணாக்கர்க்கு இடும் வழக்கமும் இருந்தது. பெற்றோரிட்ட பெயர் ஒன்றும், பொருளுதவினார் பெயர் ஒன்றுமாக இரட்டைப் பெயர் தாங்கிய புலவர் பலர் அக்காலத்துத் தோன்றியமைக்கு இதுவே காரணம். கல்வித்தரமோ மிகவுயர்ந்தது. இலங்கையரசின் செயலாளராயிருந்த எமர்சன் டெனன்று என்பார், இஃது ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றோடு ஒப்பவைக்கத்தக்கது என 1850இல் வெளியிட்ட தம் நூலிற் பாராட்டினார்.

அச்சாலையார் வானநூலைக் கற்பித்ததில் ஓர் உட்கருத்து இருந்தது. புராணங்களிற் கூறப்படும் பூகோளமும் பஞ்சாங்கக் கணிதமும் பிழையெனக் காட்டிவிடின், அவற்றோடு சைவசமயமும் வீழ்ந்துவிடும் என அவர் எண்ணினர். 1829ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்து நேர்ந்த சந்திரகிரகணத்தைக் குறித்து, அராலியூர்ச் சோதிடர் ஒருவர் கணித்ததற்கும் பூவர் கணித்ததற்கும் வேற்றுமை உண்டாயிற்று. பூவர் கணிதமே நிகழ்ச்சியோடு ஒத்தது என்பதை அவர் பெருவெற்றியாகக் கொண்டாடினர். கணிதத்திற் பிழை நேரின் திருத்திக்கொள்ளல் கற்றோர் கடனே, அதனை மறுப்பாரிலர். ஆயின், கிரகணக் கணிதம் பிழைத்தமையால் முப்பொருளுண்மை எங்ஙனம் பிழைபடும்? சடமாகிய உலகம் தோன்றி நின்று ஒடுங்குதலைக் கண்டு, அதற்கொரு கருத்தா உண்டென அநுமானத்தாற் றுணிவது சிவஞானபோத முதற்சூத்திரத்தின் நெறி. ஞாயிறு நடுவே நிற்பினும் நிலம் நடுவே நிற்பினும் அவ்வநுமானத்திற்கு யாதொரு குறைவுமின்று. இவ்வேறுபாட்டை எடுத்துரைத்தற்கு அந்நாளிற் சைவச் சிறார்க்கு ஒரு கலாசாலை இல்லாமையே பெருங் குறையாயிற்று.

இனி, அச்சாலை விளைத்த பயன் அதனை நிறுவினார் கருதிய அளவில் நின்றிலது. பூவருக்குப்பின் தலைமை பூண்ட ஹொய்சிங்டன் என்பார், சைவத்தை மறுத்தற்கு முன் அதனைச் செவ்வையாக உணர்தல்வேண்டும் எனத் துணிந்து சித்தாந்த நூல்களை ஆராய்ந்தார். அதன் பயனாகத் தத்துவக்கட்டளை, சிவஞானபோதம், சிவப்பிரகாசம் என்னும் மூன்றும் அவரால் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டு, 1854இல் அமெரிக்காவில் அச்சேறின. மேனாட்டார் சிவஞானபோதத்தின் பெயரை அறிந்தது இத்தகைய முயற்சிகளானேயாம். ஆங்குப் பயின்ற ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை கிறித்துவராகவே இருந்தும், பாவலர் சரித்திர தீபகம் என்னும் நூலில் நம் புலவர் வரலாறுகளைத் தொகுத்துதவினார். ஆங்குப் பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளையோ, 1857இல் நிறுவப்பெற்ற சென்னைச் சருவகலாசாலையின் முதற் பட்டதாரிகளுள் ஒருவராய் விளங்கிச் சைவநெறிக்கே மீண்டு, தொல்காப்பியப் பொருளதிகாரம், கலித்தொகை முதலியவற்றைச் செல்லரித்த ஏடுகளினின்றும் மீட்டுப் பதிப்பித்தார். உண்மையை நாடிச் செய்யுங் கல்வி, செய்வார் கருதாத இடத்தும் நன்மையே பயக்கும் என்பது இவற்றால் விளங்கும்.

1855இல் அச்சாலை மூடப்பட்டது; மூடினார் சைவரல்லர், அம்மிஷனாரே. அமெரிக்காவினின்றும் வந்த ரூபசு ஆண்டர்சன் முதலியோர், ஆங்கிலக் கல்வி மாணாக்கரை அரசாங்க உத்தியோகங்களுக்கு ஈர்க்கின்றதேயன்றி ஊர்தோறும் போதிப்பாரை வேண்டுமளவு தருகின்றிலது எனக் கண்டனர். சுதேச பாஷையிற் கற்பித்துப் போதகரை ஆக்குதலே தகுமெனவும் முடிவுசெய்தனர். அவ்விடத்தில் 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. கல்வியைச் சமயத்திற்கு வலையாகக் கொள்ளின், வலையிற் பட்டது நழுவியவிடத்து வலையும் வீணெனத் தோன்றும். அச்சாலையின் முடிவு இதற்குச் சான்றாம்.

இதற்கிடையே ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலரவர்கள் தோன்றினார்கள். வெசுலியன் மிஷன் பாடசாலையிற் கற்று, ஆங்கே ஆசிரியராயும் அமர்ந்து, பேர்சிவல் பாதிரியார்க்கு விவிலிய மொழிபெயர்ப்பிலும் துணைபுரிந்த அவர்கள், பிறர் கல்விமுறையின் வலியைத் தம் கண்ணாற் கண்டவர்கள். 1847 டிசம்பர் 31ஆம் நாள் வண்ணார்பண்ணைச் சிவன்கோயிலிற் பிரசங்கத்தைத் தொடங்கி, 1848இற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார்கள். அச்சுக்கூடம், வகுப்புமுறை, வினாவிடை, எளிய வசனநடை என்னும் கருவிகளைப் பயன்படுத்தி, அவற்றின் உயிராகச் சிவாகமத் திருமுறைகளின் பொருளை வைத்தார்கள். பாலபாடத்தை ஓதுஞ் சிறுவன் எழுத்தையும் ஒழுக்கத்தையும் சிவபத்தியையும் ஒருசேரப் பெற்றான்.

இது நாவலரவர்கள் புதிதாகக் கண்டதன்று. நம் ஆதீனங்களில் இலக்கணமும் தருக்கமும் முன்னரும் சித்தாந்தம் பின்னருமாக ஓதுவித்தலே மரபு. 1785இற் சிவபரிபூரணமெய்திய மாதவச் சிவஞானமுனிவர், தொல்காப்பியச் சூத்திரவிருத்தி இயற்றிய கையாலேயே சிவஞானமாபாடியமும் இயற்றியருளினார், தருக்கசங்கிரகத்தையும் தமிழ்ப்படுத்தினார். அபரஞானமாகிய கலைகள் படிகளாம். பரஞானம் அவற்றின் முடிவாம். படியை இகழ்வானும் ஏறான். படியிலே நின்றுவிடுவானும் ஏறான். கலைக்குரிய இடத்தைக் கலைக்கும், திருவருளுக்குரிய இடத்தைத் திருவருளுக்கும் தருதலின், நம் நெறியிற் கலை வளருந்தோறும் சமயம் அஞ்சவேண்டுவதில்லை.

ஆயின், சைவர் பொருளாற் சைவப்பெயர் தாங்கி எழும் கலாசாலைகளில், வகுப்புத் தொடங்குமுன் பாடும் ஒரு தோத்திரத்தோடு சமயம் அமைந்துவிடுமாயின், அவற்றிற்கும் பிறவற்றிற்கும் வேற்றுமை யாது? வேற்றுநாட்டினின்றும் வந்தோர் தமிழ் கற்று, நம் சாத்திரங்களையும் ஓதியுணர்ந்து, தம் மாணாக்கரோடு உடனுறைந்து பாடுபட்டனர். அவர் கொள்கை நமக்கு உடன்பாடன்று. அவர் உழைப்போ நம்மை நாணச்செய்வது. சைவ ஆசிரியர் சித்தாந்தத்தை முறையாக ஓதுதலும், கலைகளைப் பழுதறக் கற்பித்தலும், அவ்விரண்டும் தம் ஒழுக்கத்திற் பொருந்தி நிற்குமாறு காட்டுதலும் செய்வாராயின், நாவலரவர்கள் தொடங்கிய பணி நிறைவெய்தும். அதற்குத் திருவருள் துணைநிற்பதாக.

திருச்சிற்றம்பலம்