பத்தினியின் பெரஹரா

ஒரு தேசத்தின் பண்பாட்டை அதன் பெருநகரில் காணலாம் என்பர். இலங்கையைப் பொறுத்தவரை கொழும்பை விடக் கண்டியையே நான் சுட்டுவேன். சிலப்பதிகாரம் படிப்பிக்கும் தமிழாசிரியனுக்கு இதில் சிறிது பக்கச்சார்பும் உண்டு.

எசல பெரஹராவிலே தலதா மாளிகையின் ஊர்வலத்தைத் தொடர்ந்து நாத, விஷ்ணு, கதிர்காம தேவாலயங்களின் ஊர்வலங்கள் வருகின்றன. இறுதியாக வருவது பத்தினி தேவாலயத்தினது. பெண்கள் ஆடி வருவதும் இதிலேதான். பத்தினி வேறு யாருமல்லள், நம் கண்ணகியே! செங்குட்டுவன் எடுத்த விழாவுக்கு இலங்கைக் கயவாகு வந்திருந்தான் என இளங்கோவடிகள் கூறுவதை மாணவர் பரீட்சைக்காக மனனம் செய்கின்றனர். கண்டி நகரின் நடுவே நிற்கும் அவள் கோயிலை எட்டிப் பார்த்தவர் அவர்களுள் மிகச் சிலரே.

முன்பு தேவர்களுக்குரியதாக இருந்த இவ்விழாவில் தந்ததாதுவை முன்னிறுத்தியவன் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் (1747-1782). அவன் தென்னிந்திய நாயக்க வமிசத்தவன். அருகிப்போன உபசம்பதாவை 1753இல் சியாம் தேசத்துப் பிக்குகளை வரவழைத்து மீட்டவனும் அவனே. ஆயினும் திருநீறு பூசுகிறான் என்று குறைகூறி, 1760இல் பிரதானிகளும் பிக்குகளும் சிலர் அவனைக் கொல்லச் சதி செய்தனர். சதி முறிந்தது. மன்னனோ பௌத்தப் பணியை நிறுத்தவில்லை. கண்டியின் குணம் இந்த இரண்டும் சேர்ந்ததே என்பது என் துணிபு.

கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1815 பெப்ரவரி 18ஆம் திகதி பிடிபட்டது எங்கள் தெல்தெனியவை அடுத்த மெதமஹநுவரவிலே. மார்ச் 2இல் எழுதப்பட்ட கண்டி ஒப்பந்தம், 'மலபார்' இனத்தாரின் அரசுரிமை ஒழிந்தது என்றது. மன்னனின் ஆண் உறவினர் கண்டிச் சீமைக்குள் வரவும் தடை விதித்தது. வேடிக்கை என்னவெனில், அதில் ஒப்பமிட்ட சிங்களப் பிரதானிகள் சிலரின் கையொப்பத்தில் தமிழெழுத்து இருக்கிறது. மன்னன் 1832இல் வேலூரில் மறைந்தான்.

அந்த அரசிலே பொதிமாட்டுப் போக்குவரத்தை நடத்திய 'மடிகே' பகுதியில் பணிபுரிந்தோர் முஸ்லிம்கள். 2018 மார்ச்சில் திகன, தெல்தெனியப் பகுதிகளிலே முஸ்லிம் மக்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. ஊரடங்குச் சட்டம் பிறந்தது. இது கண்டிக்கு அந்நியமானது என்றனர் பலர். 1760ஐ அறிந்தவர் அவ்வளவு எளிதாக அப்படிச் சொல்லமாட்டார்.