கொள்ளி: அடுப்பிலிருந்து சுடுகாடு வரை

‘எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி?’ என்று ஒரு பழமொழி. எல்லாம் சுடத்தான் போகிறது, அதில் நல்லதென்ன கெட்டதென்ன என்பது கருத்து. மனிதர்களைப் பற்றிப் பேசும்போது அது பொருந்தும். விறகடுப்பில் சமைத்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள், பதில் உடனே வரும். புளியங்கொள்ளி நின்று எரியும், கங்கு விடும். முருங்கை புகைந்துவிட்டுச் சாம்பலாகும். பழமொழி தட்டிவிட்ட அந்தக் கேள்வி, அடுப்படியில் அன்றாடம் கேட்கப்பட்ட கேள்வி.

கொளுத்து, கொளுந்து ஆகியவற்றோடு உறவுள்ள சொல் கொள்ளி. தீப்பற்றியது என்பதே அதன் அடிப்பொருள். கன்னடத்திலும் கொள்ளி என்றால் எரியும் கட்டைதான். நம் கொள்ளிவாய்ப் பிசாசுக்கு அங்கே கொள்ளி தெவ்வ என்று பெயர். விறகு என்பது அடுக்கி வைத்திருப்பது, கொள்ளி என்பது அடுப்புக்குள் போனது. ஒரே கட்டைக்கு இரண்டு பெயர்.

சங்கப் பாடலில் இந்தச் சொல் மணத்தோடு வருகிறது. புறநானூற்று 108ஆம் பாட்டில் கபிலர் பாரியின் பறம்பு மலையைக் காட்டுகிறார். குறத்தி ஒருத்தி அடுப்பில் வைத்த காய்ந்த கொள்ளி சந்தனமாக இருக்கிறது. அதன் நறும்புகை பக்கத்துச் சாரலில் நிற்கும் வேங்கையின் பூத்த கிளைகளில் தவழ்கிறது. மலையின் வளத்தைச் சொல்லும் பாட்டு என்றே இதை விளக்குவார்கள். எனக்கு இதில் விறகு தெரிந்தவரின் கண்ணும் மூக்கும் தெரிகின்றன. சந்தனத்தின் பட்டையிலும் வெளுத்த புறக்கட்டையிலும் மணம் கிடையாது. நடுவில் முற்றிய கட்டையில்தான் எண்ணெய் இருக்கிறது. புகை அப்படி மணந்தது என்றால், அவள் எரித்தது இளங்கொம்பு அல்ல, வயிரம் ஏறிய கட்டை.

அந்த வயிரத்துக்குப் பழைய பெயர் காழ். வயிரம் ஏறாததை வெளிறு என்றார்கள். தொல்காப்பிய மரபியல், காழ் வெளியே இருப்பதைப் புல் என்றும் உள்ளே இருப்பதை மரம் என்றும் பிரிக்கிறது. அந்தக் கணக்கில் பனையும் தென்னையும் புல். இலக்கண நூல் சொல்வதைக் கோடாலியும் சொல்லும். பனையை வெட்டினால் ஓரத்தில் இரும்பாகக் கறுப்பு வயிரம், நடுவே நார் கலந்த சோறு. ஓரம் பனங்கையாகிக் கூரை தாங்கப் போகும். நடுப்பகுதி மழையைக் குடித்துவிட்டு எரியமாட்டேன் என்று கிடக்கும். புளி நேர்மாறு. வெட்டுமுகத்தில் வெளிவட்டம் மஞ்சள் பாய்ந்த வெளுப்பாக அகலமாக இருக்கும், நடுவில் மட்டும் கருஞ்சிவப்பாகக் காழ். நார்கள் ஒன்றோடொன்று பின்னி ஓடுவதால் ஆப்பு வைத்தாலும் நேராகப் பிளக்காது. கறிக்கடைக்காரர் புளியங்கட்டையில் வைத்து வெட்டுவதும் இதனால்தான்.

பிளக்கும் முன்பே பட்டை பாதி சொல்லிவிடும். நம் மரப்பெயர்கள் பலவும் பட்டையைப் பார்த்து வைத்தவை. கருவேலின் பட்டை கறுத்து நெடுக வெடித்திருக்கும், வெள்வேலின் பட்டை வெளிறியிருக்கும். கருமருதின் பட்டை முதலைத் தோல்போலக் கட்டம் கட்டமாக வெடிக்கும். வெண்மருது என்கிற நீர்மருது வழவழப்பாக, மேல்தோல் உரிந்து நிற்கும். சீமைக்கருவேலம் 1870களின் கடைசியில் கடப்பைப் பக்கம் விதைக்கப்பட்டு, பிறகு தெற்கே பரவி, இராமநாதபுரத்தில் கரிமூட்டத் தொழிலுக்கே ஆதாரமானது. அதற்குப் பெயர் தேடியபோதும் மக்கள் பழைய கருவேலையே எடுத்து முன்னால் ‘சீமை’ சேர்த்துக்கொண்டார்கள். பிளந்தால் மெல்லிய மஞ்சள் விளிம்பு, உள்ளே செம்பழுப்பு.

சென்னை விறகுத்தொட்டிகளில் ஆட்சி செய்தது சவுக்கு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ரயில் எஞ்சின்களுக்கும் நகரத்து அடுப்புகளுக்கும் எரிபொருள் வேண்டிக் கிழக்குக் கரை மணலில் அதைத் தோப்புத் தோப்பாக வளர்த்தார்கள். பட்டை நீளநீளமாக உரியும், உள்பட்டை சிவப்பு. ஈரம் முழுக்கக் காயாமலே எரியும் என்பது அதன் தனிச்சிறப்பு. மற்றவற்றில் ஈரம் உடனே தெரிந்துவிடும். இரண்டு கட்டைகளை மோதினால் காய்ந்தது கணீரென்னும், ஈரமானது மந்தமாகச் சத்தமிடும். அப்படியும் ஏமாந்து அடுப்பில் வைத்துவிட்டால், ஒரு முனை எரியும்போது மறுமுனையில் நுரை தள்ளிச் சீறும்.

புகையில் தெரிவது மணம் மட்டுமல்ல. அரளிக் குச்சியின் புகை நஞ்சு. பிச்சாவரம் உப்பங்கழிகளில் நிற்கும் தில்லையின் பால் கண்ணைக் கெடுக்கும், எரித்தால் புகையும் கண்ணைத் தாக்கும். இவற்றை விறகாக இருக்கும்போதே அறிய வேண்டும். கொள்ளியான பிறகு அறிவது காலம் கடந்த அறிவு.

இவ்வளவு புழங்கிய கொள்ளி, தமிழ்நாட்டில் அடுப்படியை விட்டு எப்படிப் போனது? சிதைக்குத் தீ வைப்பதைக் கொள்ளி வைப்பது என்றோம். கொள்ளி போடப் பிள்ளை வேண்டும் என்றோம். பொல்லாத பார்வையைக் கொள்ளிக்கண் என்றோம். இத்தனை அமங்கலம் ஏறிய சொல்லைச் சோறு பொங்கும் இடத்தில் சொல்ல வாய் கூசியிருக்கும். விறகு என்ற சொல்லே இரண்டு வேலையையும் எடுத்துக்கொண்டது என்று நினைக்கிறேன்.

எல்லா இடத்திலும் அப்படி ஆகிவிடவில்லை. மட்டக்களப்பில் காட்டுக்குப் போய் வெட்டி வருவதும் கொள்ளிதான். தீப்பற்றும் முன்பே அதற்கு அந்தப் பெயர் உண்டு. மலையாளத்தில் தீக்குச்சியைத் தீப்பெட்டிக்கொள்ளி என்கிறார்கள். திருச்சூர்ப் பக்கம் கொள்ளி என்று கேட்டால் தட்டில் மரவள்ளிக்கிழங்கு வரும். மரவள்ளியின் தண்டைக் குச்சியாக நறுக்கி நட்டுப் பயிர் செய்வதால், குச்சியின் பெயரே கிழங்குக்கும் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும்.