ஏரை விட்டு ஆலைக்கு

1840-க்கும் 1930-க்கும் இடையே கனடாவின் கியூபெக் மாநிலத்தினின்று ஏறத்தாழ 9 இலட்சம் மக்கள் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தனர். பிரெஞ்சு பேசும் கத்தோலிக்க உழவர்களே இவர்களுள் மிகுதி. ஆற்றங்கரையினின்று உள்நோக்கி நீளும் ஒடுங்கிய நிலங்களைத் தலைமுறைதோறும் மக்கட்குப் பங்கிட்டதில், ஒரு குடும்பம் உண்ணவும் போதாத துண்டுகளே எஞ்சின. மண் வளமிழந்தது, கடன் பெருகியது. தெற்கே நியூ இங்கிலாந்தின் பஞ்சாலைகளோ வாரந்தோறும் கையில் காசு தந்தன.

குருக்கள் அஞ்சினர். மொழியை இழப்போர் நாளடைவில் விசுவாசத்தையும் இழப்பர் என்பது அவர்தம் கவலை. செயின்ட் ஜெரோம் பங்குக்குரு லபெல் அடிகளார், வடக்கே காடு திருத்தி உழவராகவே வாழுமாறு மக்களைத் தூண்டினார். அவரது முயற்சியால் 1876-இல் மொன்றியலினின்று அவ்வூருக்கு இருப்புப்பாதையும் வந்தது. ஆயினும் பாறையும் பனியும் நிறைந்த மண் பலரைக் கைவிட்டது. தெற்கே செல்லும் இரயில்கள் நிரம்பியே சென்றன. அடிகளாரின் நன்னோக்கை நாம் ஐயுறவில்லை. பசித்த பிள்ளைகளோடு புறப்பட்டோரைக் குறைகூறவும் நமக்கு மனம் வரவில்லை.

நியூ ஹாம்ப்ஷயரின் மான்செஸ்டர் நகரில் இருந்த அமோஸ்கெக் ஆலையில் உச்ச காலத்தில் 17,000 பேர்வரை உழைத்தனர். கதிரவனையும் மூவேளைச் செபமணியையும் கொண்டு பொழுதறிந்தவர்கள் இங்கு ஆலைமணிக்கு எழுந்தனர். சிறு நிலத்திற்குச் சுமையாயிருந்த பெருங்குடும்பம் ஆலைக்கு வரவாயிற்று. தந்தையோடு மக்களும் நூற்புக்கூடத்தில் நின்றனர். நூல் நிறைந்த பாபின்களைக் கழற்றி வெற்றுப் பாபின்களைப் பொருத்துவது சிறுவர் வேலை. 1909-இல் லூயிஸ் ஹைன் இந்நகரில் எடுத்த நிழற்படங்களில் அச்சிறுவர்களைக் காண்கிறோம். பள்ளியில் இருக்க வேண்டிய முகங்கள் அவை.

தடுக்க இயலாத மக்களைத் திருச்சபை பின்தொடர்ந்து சென்றது. அதே மெர்ரிமாக் ஆற்றங்கரையிலுள்ள லோவெல் நகருக்கு 1868-இல் அமலமரித் தியாகிகள் சபையினர் வந்தனர். (இலங்கைக்கு 1847-இல் வந்து யாழ்ப்பாணத்தில் தொண்டாற்றிய அதே சபையினர்தாம்.) மான்செஸ்டரில் 1880-இல் தூய மரியன்னை பங்கு உருவாயிற்று. அதன் பங்குத்தந்தை ஹெவே அடிகளார் மறையுரையோடு நின்றுவிடவில்லை. கியூபெக்கில் மக்கள் கூட்டுறவு வங்கியைத் தொடங்கிய அல்போன்ஸ் தெசார்தென் என்னும் பொதுநிலையினரை வரவழைத்து, 1908-இல் பங்கு மக்களுக்கெனக் கூட்டுறவுக் கடன் சங்கம் ஒன்றை நிறுவினார். அமெரிக்காவின் முதல் கடன் சங்கம் அதுவே. வீடு வாங்கக் கடன் தர எவரும் முன்வராத ஆலைத் தொழிலாளிக்கு அவனது சில்லறைச் சேமிப்பே பிணையாயிற்று.

1922-இல் நிர்வாகம் ஊதியத்தை 20 விழுக்காடு குறைத்து, வாரத்திற்கு 48 மணியாயிருந்த வேலையை 54 ஆக்கியபோது தொழிலாளர் ஒன்பது மாதம் வேலைநிறுத்தம் செய்தனர். 1935-இல் ஆலை மூடப்பட்டது. அதற்குள் ஏர் பிடித்தறியாத இரண்டாம் தலைமுறை அந்நகரிலேயே வளர்ந்துவிட்டது. ஆலையின் செங்கற் கட்டடங்களில் இன்று அலுவலகங்களும் கல்விக்கூடமும் உள்ளன. கடன் சங்கம் இன்றும் இயங்கி வருகிறது.