கம்பி வழியே வந்த கல்லூரி

1902-ஆம் ஆண்டு சிவசமுத்திரத்து மின்சாரம் கம்பி வழியே நம் சுரங்கங்களை வந்தடைந்தது. கல்லூரியும் அவ்வாறே வருமென அன்று எவரும் எண்ணியிரார்.

சென்னை உள்ளிட்ட ஏழு ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய அறிவியற் கழகமும் 2003-இல் என்.பி.டி.இ.எல். திட்டத்தைத் தொடங்கின. பொறியியற் பாடங்கள் ஒளிப்படமாகி, எவரும் கட்டணமின்றிக் காணக் கிடைத்தன. தேர்வும் சான்றிதழும் பிறகு சேர்ந்தன. பின்னர் சென்னை ஐ.ஐ.டி. 2020-இல் தரவு அறிவியலிலும், 2023-இல் மின்னணு அமைப்புகளிலும் இணையவழிப் பட்டப்படிப்பை ஏற்படுத்தியது. நான்கு வாரம் பயின்று தகுதித் தேர்வில் வென்றால் இடமுண்டு.

2001-இல் சுரங்கம் மூடியபின் நாள்தோறும் பெங்களூருக்கு இரயிலேறும் நம் இளைஞர், வேலையை விடாமலே பயிலலாம். லைன் வீட்டில் அவர்க்கு இரண்டு மணிநேர அமைதியை அளித்தல் பெற்றோராகிய நம் கடனன்றோ!