இரண்டு ஏரிகளுக்கு நடுவே: தமிழக நீர்நிலை நிர்வாகம் பிளவுபட்ட வரலாறு

தமிழகத்தின் நீர் நிர்வாகத்தைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் உத்திரமேரூரிலிருந்தே தொடங்குவார்கள். முதலாம் பராந்தகன் காலத்தில், 919லும் 921லும் பொறிக்கப்பட்ட அங்குள்ள கல்வெட்டுகள், ஏரி வாரியத்துக்குக் குடவோலை முறையில் ஆறு பேரைத் தேர்ந்தெடுக்க விதி வகுக்கின்றன. பதவிக்காலம் 360 நாள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் பின்னர் தேர்வுக்கு நிற்க முடியாது. நிலமுடைய பிராமண ஆண்களின் சபை வகுத்த விதி இது என்பதை மறந்துவிட்டு இதைப் பொதுவான மக்களாட்சி என்று கொண்டாடுவது சரியல்ல. ஆயினும் கணக்குக்குப் பொறுப்பான அமைப்பொன்று ஏரியைக் காத்தது என்பதில் ஐயமில்லை. மேலேயுள்ள ஊரின் ஏரியிலிருந்து தண்ணீர் எப்போது, எவ்வளவு வரவேண்டும் என்பதைப் பற்றி மட்டும் இவ்விரு கல்வெட்டுகளும் எதுவும் சொல்வதில்லை. ஏரிக்கு ஒரு வாரியம் இருந்தது. ஏரிகளின் தொடருக்கு இருந்ததா என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

தமிழகத்து ஏரிகளில் பல தனித்து நிற்பவை அல்ல. மேல் ஏரி நிரம்பி, உபரி நீர் வெளியேறும் அதன் கலங்கல் வழிந்து, மறுகால் பாய்ந்தால்தான் கீழ் ஏரிக்கு வரத்து. கலங்கலின் மேல் வரிசையாக நட்ட கற்களுக்கிடையே மண்ணும் வைக்கோலும் திணித்து அடைத்தால் மேலூர்க்காரருக்குச் சில நாள் பாசனம் கூடும். கீழூர் வயல் காயும். மேல் ஏரியின் உள்வாயில் பயிர் வைத்தவர் நிலமும் மூழ்கும். ஒரு முழ உயரத்துக்காக ஊர்கள் பகைத்துக்கொண்டது இதனால்தான். இந்த வழக்கைத் தீர்த்தது மாமூல், அதாவது வழிவழியாக வந்த வழக்கம். எந்த மாதம் கல்லிடுக்கை அடைப்பது, எப்போது திறப்பது என்பதை ஊர்ப் பெரியவர்களின் நினைவும், சில இடங்களில் மாமூல்நாமா எனப்பட்ட பதிவேடும் காத்துவந்தன.

பிரிட்டிஷ் அரசு இதில் பாதியைத்தான் புரிந்துகொண்டது. 1858ஆம் ஆண்டின் கட்டாய உழைப்புச் சட்டம், ஊரார் சேர்ந்து ஏரியைப் பழுதுபார்க்கும் குடிமராமத்தைக் குடிகள் செய்து தீரவேண்டிய வேலையாக மட்டும் பார்த்தது. முடிவெடுக்கும் உரிமை அதில் இல்லை. ஆனால் 1883இல் தொடங்கிய ஏரிச் சீரமைப்புத் திட்டம் வேறு விதமானது. மாகாணத்தைச் சிறு வடிநிலங்களாகப் பிரித்து, ஒவ்வொரு வடிநிலத்திலும் உள்ள ஏரிகளை ஒருசேர அளந்து, நீர்ப்பிடிப்பு, முழுக்கொள்ளளவு மட்டம், கலங்கல் மட்டம், ஆயக்கட்டு ஆகியவற்றை ஏரிவாரியாகக் குறிப்பேடுகளில் எழுதினார்கள். வடிநிலத்தை அலகாகக் கொண்ட நீர்த் திட்டமிடல் அண்மைக் காலத்தில் வெளிநாட்டிலிருந்து வந்த கருத்து என்று நினைப்பவர்கள் இந்தக் குறிப்பேடுகளைப் பார்க்க வேண்டும். இத்தனை கவனமாகச் செய்த வேலையில் இருந்த குறை, அந்த ஏடுகள் பொறியாளர் அலுவலகத்திலேயே தங்கிவிட்டதுதான். ஊருக்குத் தெரிந்த மாமூலும் அலுவலகத்துக்குத் தெரிந்த மட்டமும் ஒரே மேசைக்கு வரவில்லை.

விடுதலைக்குப் பின் நேர்ந்த பிளவு இதைவிடப் பெரிது. 1958ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டத்தை ஒட்டி ஊராட்சி ஒன்றியங்கள் உருவானபோது ஏரிகளும் பங்கு பிரிந்தன. ஆயக்கட்டு நூறு ஏக்கருக்கு, அதாவது 40 ஹெக்டேருக்கு மேலிருந்தால் பொதுப்பணித் துறை ஏரி. குறைந்தால் யூனியன் ஏரி. நிர்வாக வசதிக்கு இது எளிய கணக்கு. ஆயக்கட்டு என்பதோ கரைக்குக் கீழே எவ்வளவு நிலம் பாய்கிறது என்பதன் அளவு. கரைக்கு மேலே தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதை அது காட்டாது. 38 ஹெக்டேர் பாயும் மேல் ஏரி ஒன்றியத்துக்கும், 60 ஹெக்டேர் பாயும் கீழ் ஏரி துறைக்கும் போனால், நடுவிலுள்ள ஓடை யாருடையது? வருவாய்த் துறைப் பதிவேட்டில் அது வெறும் புறம்போக்கு. மாநிலத்தின் சுமார் 39,000 ஏரிகளில் பெரும்பகுதி ஒன்றியங்களிடம் இருப்பதால், இது எங்கோ ஓரிடத்துச் சிக்கல் அல்ல.

பின்னர் வந்த சீர்திருத்தங்கள் இந்த 40 ஹெக்டேர் பிரிவுக் கோட்டைத் தொடவில்லை. அரசியலமைப்பின் 73ஆவது திருத்தம் சேர்த்த பதினோராம் அட்டவணையில் சிறுபாசனமும் நீர்வடிப்பகுதி மேம்பாடும் மூன்றாவது இனமாக இடம்பெற்றன. மத்திய அரசின் 1995ஆம் ஆண்டு நீர்வடிப்பகுதி மேம்பாட்டு வழிகாட்டி நெறிகள் சுமார் 500 ஹெக்டேர் கொண்ட நீர்வடிப்பகுதியைத் திட்ட அலகாக்கின. 2003இல் அவற்றுக்குப் பதிலாக வந்த ஹரியாலி நெறிகள் பொறுப்பைக் கிராம ஊராட்சியிடம் தந்தன. 2008இல் அலகு 1,000 முதல் 5,000 ஹெக்டேர் வரையிலான தொகுப்பாக வளர்ந்தது. ஊராட்சியின் எல்லை அப்படியே இருக்க, திட்டத்தின் எல்லை மட்டும் நகர்ந்துகொண்டிருந்தது. தடுப்பணைகளும் பண்ணைக்குட்டைகளும் எழுந்தன. அவை நிறுத்திய நீர் கீழ் ஏரியின் வரத்தில் எவ்வளவைக் குறைத்தது என்று கணக்குப் பார்க்கும் கடமை எந்த உள்ளாட்சிக்கும் தரப்படவில்லை.

2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது விவாதமெல்லாம் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அடையாற்றில் நொடிக்குத் திறந்த 29,000 கன அடியைச் சுற்றியே நடந்தது. ஆதனூர், மண்ணிவாக்கம், முடிச்சூர் வட்டாரத்து ஏரிகளின் உபரியும் அதே அடையாற்றில்தான் சேர்கிறது. அந்த வழியில் பல ஊராட்சிகள் தத்தம் எல்லைக்குள் மனைப்பிரிவுகளைப் பார்த்தன. முழு ஓடையையும் பார்க்கும் பொறுப்பு எதற்கும் இல்லை. ஏரி ஆக்கிரமிப்பை அகற்ற 2007இல் இயற்றிய மாநிலச் சட்டமும் அப்போது பொதுப்பணித் துறையின் கட்டுப்பாட்டில் இருந்த ஏரிகளுக்கு மட்டுமே வகுக்கப்பட்டது. தொடரின் தலைமாட்டில் இருக்கும் யூனியன் ஏரிகள் அச்சட்டத்துக்கு வெளியே நிற்கின்றன.