முழு நிலவைப் பார்த்த கேமரா

போன பௌர்ணமிக்கு மொட்டை மாடிக்குத் தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு போனேன். நிலா வெளிச்சத்தில் ஆண்ட்ரோமெடா தேறவே இல்லை. "நிலா வந்தா கடையை மூடு" என்பது வானம் பார்க்கிற எல்லோருக்கும் தெரிந்த விதி. காமா கதிர் வானியலில் இந்த விதி இன்னும் கறாராக இருந்தது. அது தளர்ந்த கதைதான் இந்தக் குறிப்பு.

முதலில் சின்ன விளக்கம். அதிக ஆற்றல் உள்ள காமா கதிர் தரைவரை வராது. பல கிலோமீட்டர் உயரத்திலேயே காற்றில் மோதி, துகள் மழையாகச் சிதறிவிடும். காற்றுக்குள் ஒளி போகிற வேகத்தைவிட அந்தத் துகள்கள் வேகமாக ஓடுவதால் மங்கலான நீல ஒளி பிறக்கிறது. அதன் பெயர் செரன்கோவ் ஒளி, ஆயுள் சில நானோ செகண்ட். தரையில் இருக்கும் தொலைநோக்கி பிடிப்பது இதைத்தான்.

காற்றில் இந்த ஒளியை முதலில் பிடித்தவர்கள் இங்கிலாந்தின் ஹார்வெல்லில் இருந்த கால்பிரெய்த்தும் ஜெல்லியும். 1953-இல் முடிவை வெளியிட்டார்கள். கருவி என்ன தெரியுமா? ஒரு குப்பைத்தொட்டி, அதற்குள் ஒரு சின்னக் கண்ணாடி, ஒரு போட்டோமல்டிப்ளையர் குழாய்! 1989-இல் அரிசோனாவின் விப்பிள் தொலைநோக்கி நண்டு நெபுலாவிலிருந்து காமா கதிர் வருவதை உறுதி செய்தது. அதன் கேமராவில் 37 பிக்சல்கள், எல்லாமே அதே வகைக் குழாய்கள்.

குழாய் அருமையான கருவிதான். ஒரு ஒளித்துகள் ஒரு எலக்ட்ரானைத் தட்டிவிடும். ஆயிரம் வோல்ட் அளவு மின்னழுத்தம் அதை லட்சக்கணக்காகப் பெருக்கும். ஆனால் முழு நிலவில் திறந்து வைத்தால் இடைவிடாமல் மின்னோட்டம் ஓடி, குழாய் சீக்கிரம் தேய்ந்துவிடும். மின்னழுத்தத்தைக் குறைத்து அரை நிலவில் சமாளித்தவர்கள் உண்டு. பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் பெரும்பாலும் விடுமுறைதான்.

இதில் இழப்பு என்ன? மார்க்கேரியன் 421, 501 போன்ற பிளேசார்கள் சில மணி நேரத்துக்குள்கூடப் பல மடங்கு பிரகாசமாகிவிடும். அவை பஞ்சாங்கம் பார்த்து வெடிப்பதில்லை. மாதத்தில் சில நாள் கண்ணை மூடினால், அந்த நாளில் நடந்தது போனதுதான்.

மாற்று, சிலிக்கானில் வந்தது. 1990-களில் ரஷ்ய ஆய்வுக்குழுக்கள் வளர்த்தெடுத்த சென்சார் இது. ஒரு சிறு சில்லில் ஆயிரக்கணக்கான நுண் அறைகள். ஒரு ஒளித்துகள் பட்டால் ஒரு அறை 'டிக்' என்று சுடும். எத்தனை அறை சுட்டது என்று எண்ணினால் போதும். நூறு வோல்ட்டுக்கும் குறைவாகவே வேண்டும். வெளிச்சம் அதிகமானாலும் சாகாது.

குறைகளும் உண்டு. இருட்டிலேயே, ஒளியே படாமல், செகண்டுக்குப் பல லட்சம் தடவை தானாகச் சுடும். கேட்டதும் "இது தேறாதே" என்றுதான் எனக்குத் தோன்றியது. ஆனால் நிலவில்லாத இரவு வானத்தின் வெளிச்சமே ஒவ்வொரு பிக்சலிலும் அதைவிடப் பல மடங்கு சத்தம் போடுகிறது. சந்தையில் ஒருவர் முணுமுணுத்தால் யாருக்குக் கேட்கும்? இன்னொரு குறை, வெப்பநிலை மாறினால் பெருக்கமும் மாறும். மலை உச்சியில் இது பெரிய தலைவலி.

இதையெல்லாம் சோதித்துப் பார்த்தது ஃபேக்ட் என்ற தொலைநோக்கி. சுவிஸ், ஜெர்மன் குழுக்கள் லா பால்மா தீவில் ஹெக்ரா திட்டம் விட்டுப்போன பழைய தாங்கியைப் புதுப்பித்து, 9.5 சதுர மீட்டர் கண்ணாடியும் 1440 சிலிக்கான் பிக்சல் கேமராவும் பொருத்தின. வெப்பத்தையும் மின்னோட்டத்தையும் அளந்து, மின்னழுத்தத்தை அவ்வப்போது திருத்திக்கொண்டே இருக்கும் ஏற்பாடு செய்தார்கள். நம்ம பாஷையில், ஒரு ஃபீட்பேக் லூப். வன்பொருளின் குறையை மென்பொருள் தாங்கிக்கொண்டது.

2011 அக்டோபர் 11 இரவு கேமராவைத் திறந்தார்கள். மறுநாள் பௌர்ணமி. அந்த வெளிச்சத்திலும் துகள் மழையின் படங்கள் பதிவாயின. பிறகு பல வருடம் அதே பிளேசார்களை நிலவிலும் விடாமல் கண்காணித்தார்கள். சென்சார்கள் தேய்ந்ததாகத் தெரியவில்லை. இன்று சிலியில் அமையும் செரன்கோவ் தொலைநோக்கி வரிசையின் சிறிய தொலைநோக்கிகளுக்கும் சிலிக்கான் கேமராதான்.

நான் என்னவோ அமாவாசைக்காகத்தான் காத்திருக்கிறேன்.